நிழல்கள் மேலே எழுந்த பக்கம்

அந்தக் கொட்டகையில் நாற்பது பேர் குடை செய்தார்கள். ஒருத்தி மட்டும் கதை படித்தாள்.

நீளமான நான்கு மேசைகள். முதல் மேசையில் துணி வெட்டுவார்கள். அடுத்த இரண்டில் கம்பிக் கூட்டை விரித்து வைத்து, ஒவ்வொரு கம்பி நுனியிலும் துணியை ஊசியால் தைத்துக் கட்டுவார்கள். கடைசி மேசையில் கைப்பிடி ஏறும். மேசைகளுக்கு நடுவே, எல்லார் காதுக்கும் எட்டுகிற மாதிரி, உயரமான ஒரு மர நாற்காலி. அதில் உட்கார்ந்து படிக்கிறவளுக்கு வாசிப்பக்கா என்று பெயர். அவளை விட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

படிக்கிறவளுக்கும் வாரத்துக்கு இத்தனை குடை என்று உண்டு. அதை மற்றவர்கள் ஆளுக்கு இரண்டாகத் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். 'பங்குக் குடை' என்று சொல்லி அவள் நாற்காலிக்குக் கீழே போட்டுவிட்டுப் போவார்கள். முதலாளிக்கும் இதில் வருத்தம் இல்லை. காதுக்கு வேலை கொடுத்தால் கை தானாக ஓடும், வாய் தானாக மூடும் என்பது அவர் கண்ட உண்மை.

பதினேழு வயதில் தையல் மேசைக்கு வந்தவள் அவள். படிப்பு எட்டாவதோடு சரி. முன்பு படித்துக்கொண்டிருந்த பெண் ஒருநாள் இருமலோடு வந்து பாதியில் புத்தகத்தை நீட்ட, பக்கத்தில் இருந்த பாவத்துக்கு இவள் வாங்கிப் படித்தாள். குரலில் இனிமை கிடையாது. கொஞ்சம் கரகரப்பு. ஆனால் கடைசி மேசை வரை போய், அங்கே ஒரு நிமிஷம் நின்று திரும்பி வரும். அன்று ஏறிய நாற்காலியில் இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது.

வீட்டில் அவளுக்கு ஒரே ஒரு சொல்தான்: "சரி." லாரி ஓட்டும் கணவன் மாதத்துக்கு ஒருமுறை வந்து எதைச் சொன்னாலும் சரி. வாடகை அறையை மாற்றச் சொன்னால் சரி, கணவனை இழந்த நாத்தனார் கூடவே வந்து தங்கட்டுமா என்றால் அதுவும் சரி. அந்த நாத்தனாரும் இதே கொட்டகையில் இரண்டாவது மேசையில் தைக்கிறவள்தான். வாய் என்றால் வாய், எட்டு ஊசிக்குச் சமம்.

"எங்க அண்ணிக்கு வாய் கொட்டகையிலதான் இருக்கு. வீட்டுக்கு வரும்போது கழட்டி ஆணியில மாட்டிட்டு வந்துடுவாங்க" என்பாள்.

அந்த வருஷம் படித்த புத்தகத்துக்கு அட்டை இல்லை. எழுதியவர் யார் என்றும் தெரியாது. பழைய காகிதக் கட்டில் வந்தது. கடைசியிலும் சில தாள்கள் கிழிந்து போயிருந்தன. கதை இதுதான்: ஓர் ஊர். அந்த ஊரில் நண்பகல் ஆனால் எல்லார் நிழலும் சுருங்கிக் காலடிக்குள் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும், மனிதர்கள் அவற்றை மிதித்துக்கொண்டே நடப்பார்கள். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். ஒருநாள் தண்ணீர் சுமக்கிறவனின் நிழல் மட்டும், "இன்னைக்கு நான் சுருங்க மாட்டேன்" என்றது. அவ்வளவுதான். அங்கே பிடித்த பொறி, சந்தையில், நீதிமன்றத்தில், அரண்மனைப் படிக்கட்டில் என்று ஒவ்வொரு நிழலாகப் பற்றிக்கொண்டது.

கொட்டகைக் கூரைக் கயிறுகளில் பசை காய்வதற்காக விரித்த குடைகள் தலைகீழாகத் தொங்கும். மேலே தகரத்தின் ஓட்டைகள் வழியாக இறங்கும் வெயில் அந்தத் துணிகளில் பட்டு, சிவப்பாகவும் பச்சையாகவும் கருநீலமாகவும் அவள் படிக்கிற பக்கத்தில் விழும். நிழல்களின் முதல் கூட்டத்தை அவள் பச்சையில் படித்தாள். அவற்றுக்குள் சண்டை வந்து இரண்டு கட்சியானதைச் சிவப்பில் படித்தாள். உடம்புகளை விட்டே போய்விடுவோம், இருட்டுக்குள் போனால் நாமெல்லாம் ஒன்று என்றது ஒரு கட்சி. போக வேண்டாம், உடம்புகள் நம்மைக் குனிந்து பார்த்தால் போதும் என்றது மற்றது.

கொட்டகையும் இரண்டு கட்சியானது. மூன்றாவது மேசை முழுக்க நிழல் பக்கம். நாத்தனார் உடம்புகள் பக்கம்.

"நிழலுக்கு என்ன கேடு வந்துச்சுன்றேன்! வேலை உண்டா, வெட்டி உண்டா? கூடவே சுத்துறதுக்கு இவ்ளோ கொழுப்பா?"

கைப்பிடி ஏற்றும் பெரியவர் தலையைத் தூக்காமலே சொல்வார்: "உன் நிழலா இருந்து பாரும்மா, தெரியும். பாவம், அதுக்குப் பேசவும் இடமில்லை."

வாசிப்பக்காவின் மகள்தான் அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கினவள். இலக்கியம் படித்தவள். ஒரு சாயங்காலம் அம்மா கதையைச் சொல்ல, அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"இது உருவகக் கதைம்மா. நிழல்னா நிழல் இல்ல."

"பின்ன?"

"மிதிபடுறவங்க."

"அதை நேராச் சொல்லிட்டுப் போறதுக்கு என்ன?"

"நேராச் சொன்னா புத்தகத்தை எரிச்சிருப்பாங்க. இப்படிச் சொன்னா யாரைச் சொல்றாங்கன்னு தெரியாது."

நாத்தனார் மூலையிலிருந்து, "யாரைன்னே தெரியாதுன்னா அப்புறம் யாருக்குடி அந்தக் கதை?" என்றாள்.

மகள் மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள். மூன்று வருஷப் பரீட்சையில் அந்தக் கேள்வி வந்ததில்லை.

புத்தகம் பாதிக்கு வந்தபோது மழைக்காலம் முடிந்தது. அவள் கண்ணில் பனி இறங்கியது. முதலில் எழுத்தின் ஓரங்கள் கரைந்தன. பிறகு வரிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. கடைசியில் பக்கம் முழுவதும் பால் ஊற்றிய மாதிரி ஆகிவிட்டது. அதன் மேல் நிறங்கள் மட்டும் வந்து வந்து போயின. ஆட்கள் தெரிந்தார்கள், மேசை தெரிந்தது, எழுத்து மட்டும் போய்விட்டது. புரை, அறுத்து எடுத்துவிடலாம், ஆனால் சில வாரம் வீட்டில் இருக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். சரி என்று தலையாட்டி வந்து யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டாள். சில வாரம் நாற்காலி சும்மா இருக்குமா? வேறொருத்தி ஏறி உட்கார்ந்தால் இவள் தையல் மேசைக்குத்தான் போக வேண்டும். இந்தக் கண்ணோடு ஊசியில் நூல் கோப்பது எப்படி? நாற்காலி போனால் வேலையே போனதாகத்தான் அர்த்தம்.

ஆகவே அவள் படிப்பதை நிறுத்தவில்லை. பக்கத்தைப் புரட்டினாள், கதையைச் சொன்னாள். முதல் நாள் வியர்த்துக் கொட்டியது. இரண்டாம் நாள் நிழல்கள் தாமாகவே நடந்தன. ஒரு வாரம் போனதும், காலையில் நாற்காலியில் ஏறுகிறபோது அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள அவளுக்கே அவசரமாக இருந்தது. கனவில் ஒரு தெருவில் நடந்து போவது போல, வீடுகள் அவள் போகப் போக முளைத்தன.

கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லாரும் முற்றத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கைப்பிடிகள் காணாமல் போகின்றன என்று ஒவ்வொரு பையாகச் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். சோதிப்பவர் மேற்பார்வையாளர், கழுத்தில் எப்போதும் ஊதல் தொங்குவதால் அவருக்கு விசில் என்று பெயர். உச்சி வெயில், ஒரு மரம் கிடையாது. நாள் முழுக்கக் குடை செய்கிறவர்கள் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். குடையை எடுக்கக் கூடாது, அது சரக்கு. விரித்தால் மடிப்பு கலைந்துவிடும், கட்டின நாடா அவிழ்ந்துவிடும், புதுசு என்று விற்க முடியாது.

ஒருநாள் துணி வெட்டுகிற பெண், ஏழு மாதக் கர்ப்பிணி, அந்த வரிசையில் அப்படியே மடங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பி, அவளுடைய பையையும் சோதித்துவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

மறுநாள் காலை வாசிப்பக்கா புத்தகத்தைத் திறந்தாள். பக்கத்தில் கருநீலம் விழுந்திருந்தது. "அன்று நண்பகலில்," என்று ஆரம்பித்தாள், "நிழல்கள் யாரையும் அடிக்கவில்லை. யாரையும் விட்டு ஓடவும் இல்லை. கீழே கிடக்க மட்டும் மறுத்தன. கைகோத்துக்கொண்டு எழுந்தன. எழுந்து, வெயிலில் நின்றவர்களின் தலைக்கு மேலே போய் விரிந்தன. இத்தனை நாள் தங்களை மிதித்தவர்கள் என்றும் பார்க்கவில்லை. கீழே நின்றவர்கள் முதன்முதலாக அண்ணாந்து பார்த்தார்கள்."

ஊசிகள் நின்றுவிட்டன.

மதிய மணி அடித்தது. யார் முதலில் எடுத்தது என்று பின்னால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. எல்லார் கையிலும் காலையில் தைத்த குடை ஒன்று இருந்தது. முற்றத்தில் நாற்பது குடைகள் ஒன்றாக விரிந்தன. தரையில் கிடந்த நாற்பது நிழல்களும் ஒட்டிக்கொண்டு ஒரே பெரிய நிழலாகி, வாசல் வரை நீண்டன. அதன் விளிம்பில், வெயிலில் தனியாக நின்றது விசில் மட்டும்தான். அவர் ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார். ஒருவரும் மடக்கவில்லை.

"யாரு சொல்லிக் கொடுத்தது இது?"

"யாரும் சொல்லலை சார்" என்றார் கைப்பிடிப் பெரியவர் பணிவாக. "கதையில வந்துச்சு."

விசில் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார். "நாளைக்குக் காலையில வரேன். அந்தப் பக்கம் இதுல இருந்தா புத்தகத்தை அடுப்புல போட்டுட்டு, இனிமே இங்க படிப்பே கிடையாதுன்னு முடிச்சுடுவேன். இல்லைன்னா..." என்று நாற்காலியைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்தப் பக்கம் புத்தகத்துல இருக்காம்மா?" என்றாள் மகள்.

"தெரியலை."

"தெரியலைன்னா?"

அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள். பால் ஊற்றிய பக்கம், மருத்துவமனை, மழைக்காலம் முடிந்ததிலிருந்து எல்லாம். மகளுக்கு அழுகை வந்தது. தினமும் சாயங்காலம் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து உருவகம், உட்பொருள் என்று பேசிக்கொண்டிருந்தவள், அந்தக் கண்ணை ஒருதடவை உற்றுப் பார்க்கவில்லையே.

"எனக்குத் தெரியும்" என்றாள் நாத்தனார்.

இருவரும் திரும்பினார்கள்.

"ஒருநாள் ரெண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினீங்க அண்ணி. கதை மட்டும் தட்டாமப் போச்சு. அன்னைக்கே பிடிபட்டுச்சு."

"ஏன் சொல்லலை?"

"எதுக்குச் சொல்லணும்? அடுத்தது என்னன்னு எனக்கும் தெரிய வேணாமா?" என்றவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "இதோ பாருங்க. கடைசித் தாளெல்லாம் கிழிஞ்சிருக்கு இல்ல? நீங்க படிச்சது அதுலதான் இருந்துச்சு, படிச்ச கையோட உதிர்ந்து போச்சுன்னு சொல்லுங்க. பாக்கிய நான் பாத்துக்கறேன். வழக்கம்போல சரின்னு மட்டும் சொல்லுங்க."

"சரி" என்றாள் அவள்.

காலையில் விசில் வந்தபோது கண் சிவந்திருந்தது. முழுசாகப் படித்திருக்கிறார் என்று பார்த்த உடனே தெரிந்தது. "இருநூத்திப் பதினேழு பக்கம். நிழல் எந்திரிச்சதுன்னு ஒரு வரி கிடையாது. குடை மாதிரியும் இல்ல, கூரை மாதிரியும் இல்ல."

"கிழிஞ்ச தாள்ல இருந்துச்சு சார்!" என்று இரண்டாவது மேசையிலிருந்து குரல் வந்தது. "அண்ணி படிச்ச அன்னைக்குத்தான் உதிர்ந்துச்சு. நான் பார்த்தேன்."

விசில் யோசித்தார். நாற்பது பேரோடு மல்லுக்கு நிற்க அவருக்கும் ஆசையில்லை. குற்றத்தை ஒரு பழைய புத்தகத்தின் தலையில் கட்டினால் எல்லாருக்கும் நல்லது. "அப்படியாம்மா?" என்றார்.

சரி என்று சொன்னால் போதும். அந்தச் சொல் அவள் நாக்கு நுனியில் வழக்கமான இடத்தில்தான் இருந்தது. நாற்காலி போனாலும் பழி புத்தகத்தோடு போய்விடும். அடுத்த மாதம் மெல்லக் கெஞ்சிக் கேட்டுத் திரும்ப ஏறிவிடலாம். ஆனால் அட்டை இல்லாத அந்தப் புத்தகத்தை அவர் கையில் பார்த்தபோது அவளுக்கு என்னமோ செய்தது. எங்கேயோ ஒரு மேசையில் உட்கார்ந்து எழுதிய ஆள், பெயர்கூட மிஞ்சவில்லை. அவர் சொல்லாததை அவர் சொன்னதாகச் சொல்லி அடுப்பில் போடுவதா? அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது. அதை ஒப்புக்கொள்ள அவளுக்கே வெட்கமாக இருந்தது. அந்த ஒரு பக்கம் அவளுடையது. நாற்பத்திரண்டு வருஷத்தில் அவளுடையது என்று அது ஒன்றுதான் இருந்தது.

"இல்ல சார்" என்றாள். "அது புத்தகத்துல இல்ல. நான் சொன்னது."

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீ சொன்னதா? அப்ப படிக்காமலே பக்கத்தைப் புரட்டினியா? எத்தனை நாளா?"

"மழைக்காலம் முடிஞ்சதுலேர்ந்து. எனக்கு எழுத்து தெரியலை சார்."

விசில் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். முதலில் திட்டியது மூன்றாவது மேசை. நிழல் பக்கம் இருந்த மேசை. "வாரா வாரம் ரெண்டு குடை தெச்சுப் போட்டேனேக்கா! படிக்கிறீங்கன்னு நம்பித்தானே போட்டேன்? வாய்க்கு வந்ததைச் சொல்றதுக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். கேட்டது நியாயம்தான்.

கைப்பிடிப் பெரியவர் மட்டும் மெதுவாக, "எனக்கென்னவோ மழைக்காலத்துக்கு அப்புறம்தான் கதை சூடு பிடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றார்.

தீர்ப்பு அங்கேயே ஆனது. நாற்காலியிலிருந்து இறங்கி, தையல் மேசை முக்காலிக்குப் போக வேண்டும். பங்குக் குடை கிடையாது. பத்து நாளில் மற்றவர்கள் அளவுக்குத் தைத்துக் காட்டாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். படிப்பை நிறுத்தினால் வேலை மந்தமாகும் என்று முதலாளி சொல்லிவிட்டதால், நாத்தனார் நாற்காலியில் ஏறி, புத்தகத்தில் இருப்பதை இருக்கிறபடியே படிக்க வேண்டும்.

கை மறக்கவில்லை. கம்பி நுனியை விரலால் தடவிக் கண்டுபிடித்துத் தைத்தாள். சில நேரம் துணிக்குப் பதில் விரலைத் தைத்தாள். நூல் கோப்பதுதான் முடியாது. ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் அவள் இடத்துப் பஞ்சுத் திண்டில் முப்பது ஊசிகள் நூலோடு குத்தியிருந்தன.

"எனக்கு வேற வேலை இல்ல பாருங்க" என்று நாற்காலியில் ஏறும்போது நாத்தனார் சிடுசிடுப்பாள். "சரின்னு ஒரு வார்த்தை. ஆயுசுக்கும் சொன்னீங்க. சொல்ல வேண்டிய அன்னைக்கு மட்டும் சொல்லாம விட்டீங்க."

அப்படியும் நாளுக்கு ஐந்தாறு குடை குறைந்தது.

புத்தகத்தில் நிழல்கள் தோற்றுக்கொண்டிருந்தன. இருட்டுக்குப் போன கட்சி, அங்கே தங்களைத் தாங்களே அடையாளம் தெரியாமல் தொலைந்தது. போகாத கட்சி மனம் சோர்ந்து ஊர் வாசலுக்குத் திரும்பி வந்தது. உடம்புகள் பக்கம் பேசினவளுக்கே அதைப் படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது. அந்தக் கதையில் தப்பு ஒன்றும் இல்லை. ஒருவேளை அதுதான் உண்மையோ என்று வாசிப்பக்காவுக்கே முக்காலியில் உட்கார்ந்தபடி தோன்றியது. கலகம் செய்தவர்கள் ஜெயிக்கத்தான் வேண்டுமா? ஜெயித்த நிழல் எழுந்து நின்றால் அதற்கும் ஒரு நிழல் விழுமே, அதை யார் மிதிப்பது? கேள்வியோடு தைத்தால் தையல் கோணியது. பிரித்துத் தைத்தாள்.

ஒன்பதாம் நாள், மதிய மணிக்குக் கொஞ்சம் முன்னால், நாத்தனார் இருநூற்றுப் பதினேழாம் பக்கத்துக்கு வந்தாள். "வாசலில் அந்தி விழுந்தது. உடம்புகள் வரிசையாக நின்றிருந்தன. நிழல்களில் மூத்தது முன்னே வந்து சொன்னது..." என்று படித்து நிறுத்தினாள். அதற்கு மேல் கிழிசல்.

விசில் வாசற்படியில் நின்றிருந்தார். அன்றைக்குக் கண் சிவக்கப் படித்தவரும் இந்த இடத்தில்தான் நின்றுபோயிருக்க வேண்டும்.

நாத்தனார் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "இருக்கிறபடியே படிச்சாச்சு. இனிமே இல்லாததைத்தான் படிக்கணும். அதுக்கு நான் ஆள் இல்ல." முக்காலி பக்கம் திரும்பினாள். "அண்ணி, மூத்தது என்ன சொல்லிச்சு?"

எல்லார் பார்வையும் முதலில் விசிலிடம் போயிற்று. அவர் கை ஊதலைத் தொட்டது. அங்கேயே நின்றது.

அவள் ஊசியைத் திண்டில் குத்தினாள். "மூத்தது சொல்லிச்சு, நாங்க மறுபடி படுக்கத் தயார். ஆனா ஒண்ணு. நாங்க படுக்கிற தரை எவ்வளவு சுடும்னு ஒருத்தராவது வந்து தொட்டுப் பார்க்கணும். அதுக்கப்புறம்தான் படுப்போம். ஒரே ஒருத்தர் போதும்." குரல் கரகரத்தது, கடைசி மேசை வரை போய் நின்று திரும்பியது. "உடம்புகள் ஒண்ணை ஒண்ணு பார்த்துச்சு. யாரும் குனியலை. அப்ப..."

மணி அடித்தது.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வாசலுக்கு வெளியே முற்றம் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. விசில் ஒருதடவை அதைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து முதல் மேசையிலிருந்த பையை எடுத்துத் திறந்தார்.

"இன்னைக்கு மட்டும் உள்ளேயே பாத்துடறேன்" என்றார் யாரையும் பார்க்காமல். "நீ சொல்லும்மா."

அவர் ஒவ்வொரு பையாக, சத்தமில்லாமல், மெதுவாகச் சோதித்துக்கொண்டு வந்தார். பைக்குள் இருந்த சட்டியும் டப்பாவும் எங்கேயும் மோதவில்லை. மூன்றாவது மேசைக்காரி எழுந்து வந்தாள். அன்று திட்டியவள். முக்காலிக்குக் கீழே இரண்டு குடையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி எழுந்தாள்.

அன்றைக்கு அந்தக் கதையை முடித்திருக்கலாம். முடிவு அவளுக்குத் தெரியும் போலத்தான் இருந்தது. ஆனால் விசில் கடைசிப் பையை மூடியபோது, ஊரில் யாரும் இன்னும் குனிந்திருக்கவில்லை. நிழல்கள் நின்றுகொண்டே இருந்தன. "மிச்சம் நாளைக்கு" என்றாள்.

அவள் கண்ணை அறுக்க மகள் தேதி வாங்கியிருந்தாள். அதுவரைக்கும், அதற்குப் பிறகும் சில வாரம், முற்றத்தில் யாரும் நிற்கவில்லை. கதை இன்னும் முடியவில்லை என்றுதான் காரணம் சொன்னார்கள்.